அந்த நிறம் யார் கண்ணுக்கு?

கேமரன் மலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

பவளப்பாறை மீன்களுக்கு ஏன் இத்தனை நிறம் என்று உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கும். நெமோ படம் பார்த்து வளரும் பிள்ளைகள் அதைக் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. அதற்கு நம் வகுப்பறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. இயற்கை அவற்றை அழகாகப் படைத்திருக்கிறது என்பது ஒன்று. பவளமும் வண்ணமயமாக இருப்பதால் மீன்கள் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன என்பது இன்னொன்று. முதல் பதில் கேள்வியையே திருப்பிச் சொல்கிறது. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாதியோடு பாடம் முடிந்துவிடுகிறது. என் மனக்குறை இதைவிடப் பெரியது. கேள்வி கடலைப் பற்றியது, நாம் இருப்பதோ மலையில், ஆகவே படத்தைக் காட்டிப் பதிலைச் சொன்னால் போதும் என்று நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர்கள் கொழுந்து பறித்துவரும் இந்தச் சரிவுகளில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் அந்த ஓரத்தில், இந்தக் கேள்விக்கான விடை உயிரோடு பறந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஏன் அங்கிருந்து என்பதற்கு முதலில் கடலுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டியிருக்கிறது.

பவளப்பாறை மீன்களின் நிறத்துக்குக் காரணம் தேடியவர்களில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் முக்கியமானவர். மலாய்த் தீவுக்கூட்டத்தில் எட்டு ஆண்டுகள் அலைந்தவர். இயற்கைத் தேர்வை டார்வினுக்கு இணையாகக் கண்டறிந்தவர். அவர் 1889இல் எழுதிய ‘டார்வினிசம்’ நூலில் சொன்ன விளக்கம்தான் இன்றும் நீங்கள் வகுப்பில் சொல்வது: பவளமும் கடற்சாமந்தியும் நிறைந்த இடத்தில் பளிச்சென்ற மீன் மறைந்துபோகும். 1962இல் கொன்ராட் லோரன்ஸ் இதற்கு நேரெதிராகச் சொன்னார். இந்த நிறங்கள் சுவரொட்டிகள், ‘இது என் இடம், என் இனத்தான் உள்ளே வராதே’ என்று தூரத்திலேயே அறிவிப்பவை என்றார். அவர் கணக்குப்படி பளிச்சென்ற மீன்கள் எல்லாம் தனித்து வாழும் சண்டைக்காரர்களாக இருக்க வேண்டும். ஆனால் பளிச்சென்ற மீன்களில் இணையோடு அமைதியாகத் திரிபவையும் உண்டு, பெருங்கூட்டமாக வாழ்பவையும் உண்டு. இரண்டு மேதைகளுமே ஒரு விஷயத்தைத் தவறவிட்டார்கள். மீன் நிறமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னது மனிதக் கண்ணை வைத்து, நல்ல வெளிச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னது. மீனை மீன் பார்க்கும் விதம் அப்படி இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்து ஜஸ்டின் மார்ஷல். 2000ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் அவர் மீன்களின் கண், நீரின் ஒளி, பின்னணி, தூரம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டார். பவளப்பாறை மீன்களில் மிகுதியாகக் காணப்படும் நிறங்கள் நீலமும் மஞ்சளும். நீலம் பின்னாலிருக்கும் நீர்வெளியோடு ஒத்துப்போகிறது. மஞ்சள் பவளப்பாறையின் சராசரி நிறத்துக்கு நெருங்கிவருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கோடாகப் போட்டால் அருகிலிருக்கும் மீனுக்கு அது உரத்த அறிவிப்பு. சற்றுத் தள்ளியிருக்கும் மீனின் கண்ணுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன; மீன்களின் பார்வைக் கூர்மை நம்முடையதைவிடக் குறைவு. தெருமுனையில் வரும் சுங்குடிச் சேலையில் புள்ளிகள் தெரியாததைப் போல. ஆகவே ஒரே உடல் பக்கத்தில் வரும் துணைக்குத் தன்னைக் காட்டுகிறது, தூரத்தில் வரும் வேட்டை மீனிடமிருந்து மறைகிறது. வாலஸும் சரி, லோரன்ஸும் சரி, இருவர் சொன்னதும் வெவ்வேறு தூரத்தில் உண்மை. சிவப்பின் கதை இன்னும் தெளிவு. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் பத்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெருமளவு உறிஞ்சிவிடும். படத்தில் ரத்தச் சிவப்பாகத் தெரியும் இரவுநேர மீன்கள், படமெடுப்பவரின் விளக்கு இல்லாவிட்டால், தம் இடத்தில் கருநிழலாகவே இருக்கின்றன. நாம் காணாததை அவை காண்பதும் உண்டு. சில சிறு மீன்கள் முகத்திலுள்ள புறஊதாக் கோலத்தை வைத்தே தம் இனத்தானையும் அந்நியனையும் பிரித்தறிகின்றன என்பது 2010இல் சோதனையால் உறுதியானது. நமக்கு அந்த முகம் வெறும் மஞ்சள். துப்புரவு மீனின் நீலக்கோடோ கடைப் பலகை மாதிரி. பெரிய மீன்கள் அதைக் கண்டு வாய் திறந்து நிற்கும், அது உள்ளே போய் ஒட்டுண்ணிகளைத் தின்னும். அந்தக் கோட்டை அப்படியே போட்டுக்கொண்டு கிட்டே வந்து சதையைக் கடித்துவிட்டு ஓடும் போலி மீனும் அதே பாறையில் இருக்கிறது.

ஆகவே ஒரு விலங்கின் நிறத்துக்குக் காரணம் கேட்டால் விலங்கை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. யார் கண், எந்த வெளிச்சம், என்ன பின்னணி, எவ்வளவு தூரம் என்ற நான்கும் தெரிய வேண்டும். என் வாதம் முழுவதும் இதுதான். இதை ஏற்றுக்கொண்டால் அடுத்தது தானாக வரும்: அந்த நான்கும் ஒருசேரக் கண்முன் இருக்கும் இடத்தில்தான் நிறத்தைப் பற்றிப் பாடம் நடத்த முடியும். தியோமான் தீவும் நம் பகாங் மாநிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே போய்க் கடலுக்குள் மூழ்க எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கிடைக்கும்? காட்டோரத்துக்கோ நடந்தே போகலாம்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தாப்பாவிலிருந்து ஏறிவரும் பழைய சாலையை ஒட்டிய ஓடைகளிலிருந்தே தொடங்கலாம். ஈர மணலில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்காரும். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி அது. 1855இல் சரவாக்கிலிருந்து அதை உலகுக்கு விவரித்து, அங்கே ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்தவரும் இதே வாலஸ்தான். இறக்கையை விரித்தால் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் வரும். கன்னங்கரிய இறக்கையில் வரிசையாக இறகு வடிவப் பச்சைத் திட்டுகள், கழுத்தைச் சுற்றிச் சுடர்ச்சிவப்பு. உட்கார்ந்த இடத்தில் உறிஞ்சுகுழலை மணலில் ஊன்றி நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், பின்முனையால் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதற்குத் தேவை தண்ணீரில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. அப்படி வந்து கூடுபவை பெரும்பாலும் ஆண்கள். பெண் உயரே மர உச்சிகளில் திரிவது. அதன் நிறம் பழுப்பு கலந்தது, பச்சை மிகக் குறைவு. கழுத்துச் சிவப்பு மட்டும் இருபாலுக்கும் பொது.

இங்கே அந்த நான்கு கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். ஒரு பறவை எளிதாகக் காணும்படி இவ்வளவு பெரிய பூச்சி ஏன் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது? அதன் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளைக் குடும்பத்துக் கொடியை. ஊரில் நம் பாட்டன்மார் ஆடுகூட வாய்வைக்காது என்று கண்டு பெயர் வைத்த அதே குடும்பம். அந்தச் செடிகளில் இருக்கும் அமிலம் மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இப்போது மருத்துவ உலகம் எச்சரிக்கிறது. இந்த இனக்குழுவின் புழுக்கள் அந்த நஞ்சை உடலில் சேர்த்துவைத்து, இறக்கை முளைத்த பின்னும் சுமக்கின்றன. அப்படிப்பட்ட பூச்சிக்கு ஒளிவதைவிட நினைவில் நிற்பதே பாதுகாப்பு. ஒருமுறை கடித்துக் கசந்த பறவை அந்தக் கறுப்பையும் சிவப்பையும் மறக்காது. 1867இல் டார்வின், சில புழுக்கள் ஏன் இவ்வளவு பகட்டாக இருக்கின்றன, புழுவுக்குத் துணை தேடும் வேலையே இல்லையே என்று குழம்பியபோது, இது எச்சரிக்கை நிறம் என்று விடை சொன்னவரும் வாலஸ்தான். ஜென்னர் வீர் என்பவர் கூண்டுப் பறவைகளுக்குப் புழுக்களைக் கொடுத்துப் பார்த்து, பளிச்சென்றவற்றை அவை ஒதுக்குவதை 1869இல் வெளியிட்டார். சரி, கழுத்துச் சிவப்பு பறவைக்கு என்றால், ஆணுக்கு மட்டும் மிகுந்திருக்கும் அந்தப் பச்சை யாருக்கு? உங்கள் ஆண்டு ஐந்து மாணவர் ஒருவர் இதை ஊகித்துவிடுவார். அது சாயப் பச்சைகூட இல்லை. செதிலின் மேலுள்ள நுண்ணிய சாய்வடுக்குகள் ஒளியைத் திருப்புவதால் உண்டாவது, பார்க்கும் திசைக்குத் தக்கபடி மின்னுவது. 2016இல் வெளியான ஆய்வு அதன் அமைப்பு வண்ணத்துப்பூச்சிகளிலேயே தனித்தன்மை வாய்ந்தது என்றது. ஒரே உடம்பில் ஒரு நிறம் எதிரிக்கு, இன்னொரு நிறம் தன் இனத்துக்கு. பவளப்பாறை மீனின் நீலமஞ்சள் கோட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

துப்புரவு மீனைப் போல வேடமிடும் போலி மீனுக்கும் இங்கே உறவினர் உண்டு. வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் தின்று வளரும் கருப்பு வண்ணத்துப்பூச்சி நஞ்சில்லாதது. அதன் பெண்களில் ஒரு பகுதி மட்டும், ஆடுதீண்டாப்பாளை தின்னும் நஞ்சுள்ள இன்னொரு பூச்சியின் வெள்ளையும் சிவப்புமான பின்னிறக்கையை அப்படியே போட்டுக்கொண்டு பிறக்கும். உடலைப் பார்த்தால் குட்டு உடையும்: நஞ்சுள்ளதன் உடல் சிவப்பு, போலியின் உடல் கறுப்பு. மலாய்ப் பகுதியின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1865இல் எழுதியபோது வாலஸ் இந்த வேடத்தை விரிவாகப் பேசினார். அந்த வேடத்தை முடிவுசெய்வது ஒரே ஒரு மரபணு என்று 2014இல் பெங்களூரைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டே முதன்மை ஆசிரியராக இருந்த குழு காட்டியது. ஆர்க்கிட் கும்பிடுபூச்சியைப் பார்க்காத கேமரன் மலைப் பிள்ளை இருக்காது. பூச்சிக் காட்சிக்கூடங்களில் சுற்றுலாப் பயணிகள் முதலில் படமெடுப்பது அதைத்தான். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, கால்களில் இதழ்போல விரிந்த மடல்களோடு இருக்கும். பூவுக்குள் ஒளிந்திருக்கிறது என்றே நூறாண்டுக்கு மேல் எழுதப்பட்டுவந்தது. மலேசியாவில் நடந்து 2014இல் வெளியான களச்சோதனை, அது பூவே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் தேனீக்களும் ஈக்களும் அதைத் தேடி வருவதைக் காட்டியது. அக்கம்பக்கத்துப் பூக்களைவிட அதிகமாகவே வந்தன. ஆக அந்த நிறம் மறைவதற்கில்லை, அழைப்பதற்கு. ‘ஒளிந்துகொள்ள’ என்ற ஒற்றைச் சொல்லில் பாடத்தை முடித்தால் எவ்வளவு கைநழுவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அழைக்கும் நிறம் பறவைகளிலும் உண்டு. பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டு ஓரத்தில் கூட்டமாகப் பறக்கும் மின்சிட்டுகளில் ஆண் நெருப்புச் சிவப்பு, பெண் மஞ்சள். பெண் தேர்ந்தெடுப்பதால் ஆணுக்கு நிறம் கூடியது என்று டார்வின் சொன்னார், வாலஸ் கடைசிவரை அதை மறுத்தார். இந்த ஒன்றில் வாலஸ் தோற்றார். அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

உங்கள் மறுப்புகளை நான் அறிவேன். இதெல்லாம் ஊகக் கதைகள், இன்று ஒன்று சொல்வார்கள் நாளை இன்னொன்று என்பது முதலாவது. கதையாக இருந்தால் வாலஸின் மீன் விளக்கம் இன்னும் அசையாமல் நின்றிருக்கும். சோதனைக்கு நிறுத்தப்பட்டதால்தான் அது திருத்தப்பட்டது, லோரன்ஸுடையதும் அப்படியே. எந்த விளக்கம் பொய்யாகக்கூடும், அதை எப்படிச் சோதிப்பது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்கக் கற்றுக்கொண்டால், ‘நீடுநிலவல்’ என்ற தலைப்பில் நீங்கள் நடத்தும் பாடம் அதன் நோக்கத்தை எட்டிவிட்டது. இரண்டாவது, படைப்பின் அழகை இப்படிப் பிரித்துப் போடலாமா என்பது. பக்தியுள்ள பெற்றோரிடமிருந்து இது வரும், நியாயமான வருத்தமும்கூட. ஆனால் அழகு நமக்காக மட்டுமே பரப்பிவைத்தது என்று நினைப்பதில்தான் எனக்குச் சங்கடம். நாம் யாரும் இல்லாத காலத்திலும் அந்தப் பச்சை மின்னியது; அதற்குத் தன் சொந்தக் காரணங்கள் இருந்தன என்று அறிவது வணக்கத்தைக் குறைக்காது. மூன்றாவது, நேரமில்லை, பாடத்திட்டம் முடிய வேண்டும் என்பது. யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அந்தத் தேர்வைக் காரணம் காட்டி வகுப்பறைக்குள்ளேயே அடைத்துவைத்த பாடங்களில் இது ஒன்று. இப்போதாவது வெளியே வரட்டும்.

நான்காவது மறுப்பே கடினமானது. காட்டுக்கு ஏன் போக வேண்டும், கண்ணாடிச் சட்டத்தில் அடித்த வண்ணத்துப்பூச்சி சந்தையில் கிடைக்கிறது, கையில் எடுத்துக் காட்டலாமே என்கிறீர்கள். பள்ளி அறிவியல் மூலைகளில் அப்படிப்பட்ட சட்டங்கள் தொங்குகின்றன. ‘பூச்சி சேகரித்து வா’ என்று பயிற்றி கொடுக்கும் வழக்கமும் முற்றிலும் போய்விடவில்லை. சட்டத்துக்குள் இருக்கும் ராஜா புரூக்கின் பச்சை பல ஆண்டு மங்காது என்பது உண்மை. சாயம் இல்லாததால் வெளுப்பதற்கு அதில் அதிகம் இல்லை. ஆனால் அந்த நிறத்துக்குப் பொருள் தந்த எதுவும் அங்கே இல்லை. பறவை இல்லை, பெண் பூச்சி இல்லை, இலைவழி இறங்கும் வெளிச்சம் இல்லை, கொடி இல்லை. திசை மாறினால் மினுங்கும் இறக்கை ஆணியடித்து அசையாமல் இருக்கிறது. கேள்வியே கேட்க முடியாத நிலையில் ஒரு நிறத்தைப் பிள்ளையின் முன் வைத்தால், ‘அழகாக இருக்கிறது’ என்ற பழைய பதிலைத் தவிர அது வேறென்ன சொல்லும்? அதோடு, ராஜா புரூக் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது. பண்ணைகளில் வளர்ப்பவர்களையும் விற்றுப் பிழைப்பவர்களையும் பழிப்பது என் நோக்கமில்லை. பிழைப்புக்கு வேறு வழியும் இருக்கிறது என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு: பேராக்கில் கோப்பெங்கை அடுத்த உலு கெரோவில் செமாய் பழங்குடி மக்கள் ராஃப்லேசியாப் பூவையும் ராஜா புரூக்கையும் அவை இருக்கும் இடத்திலேயே பயணிகளுக்குக் காட்டும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். நம் மலையிலும் செமாய் குடியிருப்புகள் இருக்கின்றன. எந்தக் கொடியில் எந்தப் புழு, எந்த மாதத்தில் எந்த ஓடை என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு நம் பாடநூலுக்குத் தெரியாது. அவர்களில் ஒரு பெரியவரை ஆசிரியராக அழைத்து மரியாதை செய்யும் பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருக்கும்!

ஆகவே உங்களிடம் கேட்பது இது. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள், ஒவ்வொரு தோட்டப் பள்ளியும் ஒரு காலைப் பொழுதையாவது தேயிலைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட ஓரத்தில் நடத்தட்டும். இணைப்பாட நடவடிக்கையாக வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் துணைக்கு வரட்டும். கொழுந்து பறிக்கும் அம்மாமார்களில் யாராவது வந்தால் இன்னும் நல்லது, எந்த வரிசையின் கடைசியில் எந்தப் பறவை வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளிடம் வலை வேண்டாம், புட்டி வேண்டாம். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். பளிச்சென்ற ஒன்றைக் கண்டதும் அதன் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். இது தன்னை யாருக்குக் காட்டுகிறது, யாரிடமிருந்து மறைக்கிறது என்று கேளுங்கள். பத்தடி பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், நிழலில் இருக்கும்போது ஒருமுறை, வெயிலில் வரும்போது ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். தவறான ஊகங்களையும் அடிக்காமல் விடுங்கள். வாலஸின் ஊகத்தையே அடித்துத் திருத்த எழுபது ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு வகுப்பில் பவளப்பாறைப் படத்தைத் திரையில் போடுங்கள், அதே கேள்வியை அந்த மீன்களைப் பற்றிக் கேளுங்கள். அறிவியல் மூலையில் தொங்கும் சட்டங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிள்ளைகளின் குறிப்பேட்டுப் பக்கங்களை ஒட்டுங்கள். பூச்சி சேகரிக்கச் சொல்லும் பயிற்றியை நிறுத்துங்கள். நுழைவு அனுமதி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதும்போது, ஓடைக்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் கொடிகளைக் களையென்று வெட்டாமலும் அவற்றின் மேல் மருந்து அடிக்காமலும் விடும்படி கேட்டு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு போனால் அந்த வரிக்கு நிர்வாகத்தில் மதிப்பு இருக்கும்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்களைப் போலவே இந்த மலைப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்ட ஒருவர்